போகாமல் நின்றவை

தை மாதத்தில் கூந்தன்குளத்துக்கோ கோடியக்கரைக்கோ போய் வந்தவர்களுக்கு வடக்கத்திப் பறவைகள் என்றால் விருந்தாளிகள். பட்டைத்தலை வாத்து மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் இமயத்தைத் தாண்டி வந்து திருநெல்வேலிச் சீமையின் குளத்தில் இறங்குகிறது. குளிருக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஓடி வராமல் அங்கேயே நின்றுவிட்ட பறவைகளும் உண்டு என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

டொரோண்டோவில் குடியேறிய தமிழர் வீடுகளில் அது முதல் பனிக்காலத்திலேயே நினைவுக்கு வந்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியோ சன்னல் ஓரம் நின்று, வெறும் கிளையில் தாவித் திரியும் ஒரு சின்னக் குருவியைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிருக்குள்ள இது இரவில எங்க போய்க் கிடக்கும்?" என்று கேட்பார்கள். மிகச் சரியான கேள்வி. 'எப்படிக் குளிர் தாங்கும்' என்று கேட்காமல் 'இரவில்' என்று கேட்டதிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், பதில் கொஞ்சம் நீளமானது.

முதலில், பறவைகள் குளிருக்குப் பயந்து இடம்பெயர்கின்றன என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பெரும்பாலும் அவற்றைக் கிளப்புவது பசிதான். பறக்கும் பூச்சிகளை மட்டுமே தின்னும் தகைவிலானுக்குக் கனடாவின் ஜனவரியில் ஒரு வாய் உணவுகூட இல்லை. அதனால் அது போயே ஆகவேண்டும். ராபின் மண்புழு தின்பது. தரை உறைந்ததும் பெரும்பாலான ராபின்கள் தெற்கே போய்விடும். ஆனால் மரத்தில் காட்டு ஆப்பிளும் சிவப்புப் பழக்குலைகளும் மிச்சமிருக்கும் இடங்களில் சில ராபின்கள் பனிக்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிடுகின்றன. அதே குளிர், அதே இனம். வேறுபாடு சாப்பாட்டில் மட்டும். ஒன்டாரியோ ஏரி பெரும்பாலும் முழுதாக உறைவதில்லை என்பதால், ஆர்க்டிக் தூந்திரத்திலிருந்து நீள்வால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக டொரோண்டோ துறைமுகத்துக்கு வந்து முக்குளித்து இரை தேடுகின்றன. நமக்குக் கொடும் வடக்காகத் தெரிகிற ஊர் அவற்றுக்குக் கூந்தன்குளம்.

ஆக, உணவு கிடைத்தால் குளிரைச் சமாளிக்க முடியும். எப்படி என்பதைப் பார்க்க, அந்தச் சன்னலோரக் குருவியையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் கருந்தொப்பிச் சிக்கடி. நம் மலைக்காடுகளில் திரியும் பட்டாணிக் குருவிக்கு உறவு. எடை ஏறக்குறைய 11 கிராம். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் வரை இது பனிக்காலத்தைக் கழிக்கிறது. அங்கே வெப்பநிலை −40 பாகை வரை இறங்கும், டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம்கூட இருக்காது.

சின்ன உடலுக்குக் குளிர் ஏன் அதிகக் கேடு? உங்கள் கையிலிருக்கும் கோப்பையையும் அடுப்படியில் இருக்கும் தேநீர்ச் சட்டியையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே சூடுதான் ஊற்றினோம். கோப்பை ஆறிவிட்டது, சட்டி ஆறவில்லை. சிறிய பொருளுக்கு உள்ளே இருக்கும் அளவைவிட வெளிப்பரப்பு ஒப்பீட்டில் அதிகம். சூடு போக வழி அதிகம். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேநீர் முதல் சில நிமிடங்களில் மளமளவென்று சூட்டை இழக்கும். வெதுவெதுப்பானதும் மெல்லத்தான் ஆறும். வெளிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகத்தில் சூடு வெளியேறும். இந்த இரண்டாவது விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சிக்கடியின் இரவு அதில்தான் இருக்கிறது.

பகலில் சிக்கடியின் உடல் வெப்பம் 42 பாகை. வெளியே −20 என்றால் இடையில் 62 பாகை வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தாங்கி நிற்பது ஒரு அங்குலத்துக்கும் குறைவான இறகுப் படலம். இலையுதிர்காலத்துக்கு முன்பே பழைய இறகுகளை உதிர்த்துப் புதிதாக, அடர்த்தியாக வளர்த்துக்கொள்கிறது. குளிர் கூடும்போது ஒவ்வொரு இறகின் அடியிலும் இருக்கும் நுண்தசைகள் இறகை நிமிர்த்துகின்றன. இறகுகளுக்கிடையில் காற்று சிறைபடுகிறது. வெப்பத்தைக் காப்பது அந்த அசையாத காற்றுதான். பனிக்காலத்துச் சிக்கடி உருண்டையாகத் தெரிவது கொழுத்துவிட்டதால் அல்ல, காற்றைப் பிடித்து வைத்திருப்பதால். காற்று பலமாக வீசினாலோ இறகு நனைந்தாலோ இந்த ஏற்பாடு கெட்டுவிடும். ஆகவே உலர்ந்த −20ஐவிட, மழையும் காற்றும் சேர்ந்த 0 பாகை ஒரு சிறு பறவைக்குச் சில நேரம் கொடுமையானது.

கால் மட்டும் வெறுங்கால். பனிக்கட்டி மேல் நிற்கும் வாத்தைப் பார்த்து எல்லோரும் கேட்பது இது: கால் உறையாதா? உடலிலிருந்து காலுக்குச் சூடான இரத்தம் கொண்டுபோகும் நாளங்களும், காலிலிருந்து குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களும் அங்கே ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. கீழே போகும் இரத்தம் தன் சூட்டை மேலே வரும் இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டே போகிறது. பாதத்தை எட்டும்போது அது உறைநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கும். பாதத்தில் பெரிய தசைகள் இல்லை. காலை இயக்கும் தசைகள் மேலே இறகுக்குள் இருக்கின்றன, பாதம் வரை வருவது பெரும்பாலும் நரம்புக்கயிறு போன்ற தசைநாண்கள். எனவே பாதத்துக்குச் சூடு தேவையில்லை, உறையாமல் இருந்தால் போதும். இரவில் சிக்கடி பாதங்களின் மேலேயே உட்கார்ந்து இறகால் மூடிக்கொள்கிறது.

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். டிசம்பர் கடைசியில் டொரோண்டோவில் மாலை நாலே முக்காலுக்குச் சூரியன் போய்விடும், திரும்பி வரும்போது காலை எட்டு மணி ஆகிவிடும். பதினைந்து மணி நேரம். சிக்கடிக்கு இருட்டில் இரை தேடத் தெரியாது. அந்தப் பதினைந்து மணி நேரமும் பகலில் தின்றதை எரித்துத்தான் உயிரைப் பிடித்திருக்க வேண்டும்.

பொழுது சாயும் முன் சிக்கடி தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை கொழுப்பாகச் சேர்த்துவிடுகிறது, ஏறக்குறைய ஒரு கிராம். விடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். மறுநாள் காலையில் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒவ்வொரு நாளும் மார்ச் வரை. மூன்று நாளுக்கு வேண்டியதை ஒரேயடியாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் எடை கூடினால் கிளையிலிருந்து எழும்பும் வேகம் குறையும். சிறு பறவைகளைக் குறிவைக்கும் வல்லூறு அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருக்கிறது. பட்டினிக்கும் வல்லூறுக்கும் நடுவில் ஒரு கிராம் கொழுப்பு என்ற அளவில் இந்தப் பறவை வாழ்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

படுக்கை என்பது உளுத்த பிர்ச் மரத்தில் ஒரு பொந்து, அல்லது ஊசியிலை மரத்தின் அடர்ந்த கிளைக்குள் ஓர் இடம். பெரும்பாலும் தனியாக. தலையை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகிறது; தூங்கும்போதே நடுங்குகிறது. நாம் நடுங்குவது தோற்றுப்போகும் அறிகுறி. பறவையின் நடுக்கம் அதன் அடுப்பு. பறப்பதற்கென்று வளர்ந்த பெரிய மார்புத் தசைகள் இறக்கையை அசைக்காமல் நுண்ணியதாக அதிர்ந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. இறகுக்குள் நடப்பதால் வெளியே தெரியாது.

அதோடு இன்னொன்றும் செய்கிறது. 1970களில் சூசன் சாப்ளின் என்ற ஆய்வாளர் சிக்கடிகளின் பனிக்கால உடல் வெப்பத்தை அளந்தார். இரவில் அவை தங்கள் வெப்பத்தை 10 முதல் 12 பாகை வரை தாங்களாகவே இறக்கிக்கொள்கின்றன என்று தெரிந்தது. 42 பாகையிலிருந்து 30 பாகைக்குப் பக்கத்தில். நம் உடல் அத்தனை பாகை இறங்கினால் பிழைப்பது அரிது. சிக்கடியோ விடியும் முன் நடுக்கத்தைக் கூட்டிப் பழைய சூட்டுக்கு ஏறிவிடுகிறது. வெதுவெதுப்பான தேநீர் மெல்ல ஆறும் என்று சொன்னேன் அல்லவா, கணக்கு அதுதான். உள்சூட்டைக் குறைத்ததும் வெளியேறும் சூடும் குறைகிறது. அந்த நேரத்துச் செலவில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகிறது. ஒரு கிராம் கொழுப்பு விடியும் வரை வருவது இந்த மிச்சத்தால்தான்.

சரி, அந்த ஒரு கிராமைச் சேர்க்கப் பனிமூடிய காட்டில் என்ன கிடைக்கிறது? பட்டைக்குள் ஒளிந்த பூச்சிமுட்டை, சிலந்தி, கூட்டுப்புழு ஒரு பாதி. விதையும் பழமும் மறு பாதி. ஓநாய் தின்றுவிட்டுப் போன மானின் கொழுப்பையும் கொத்தும். இலையுதிர்காலத்திலேயே விதைகளை ஒளித்து வைக்கவும் தொடங்கிவிடுகிறது. ஒரே இடத்தில் குவித்தால் அணில் கண்டுபிடித்துவிடும் என்பதால் ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வோர் இடம்: பட்டை இடுக்கு, பாசிக்கடி, உலர்ந்த இலைச்சுருள். ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான இடங்கள்.

திரும்பி எடுப்பது நினைவை வைத்துத்தான். டொரோண்டோவில் ஆய்வு செய்த டேவிட் ஷெர்ரியும் அவருடைய சகாக்களும் நடத்திய சோதனைகளில், ஒளித்து நான்கு வாரம் கழித்தும் சிக்கடிகள் தங்கள் இடங்களைத் தேடிப் போயின. 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டோ நாட்டபோமும் அனத் பார்னியாவும் மூளைக்குள் பார்த்தார்கள். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் வந்து சேர்வது அக்டோபர் மாதத்தில் உச்சத்தில் இருந்தது. ஒளித்துவைக்கும் வேலை மும்முரமாக நடக்கும் நேரம் அது. 2002இல் விளாதிமிர் பிரவோசுதோவும் நிக்கோலா கிளேட்டனும் அலாஸ்காவிலிருந்தும் கொலராடோவிலிருந்தும் சிக்கடிகளைக் கொண்டுவந்து ஒரே மாதிரி வசதியில் வைத்து ஒப்பிட்டார்கள். அலாஸ்காப் பறவைகள் அதிகம் ஒளித்தன, பிசகாமல் எடுத்தன, அவற்றின் ஹிப்போகாம்பஸும் பெரிதாக இருந்தது. பனிக்காலம் கடுமையாக உள்ள இடத்தில் மறதிக்கு மன்னிப்பு இல்லை. மறந்தவை முட்டையிடும் வசந்தத்தைப் பார்க்கவில்லை, நினைவில் வைத்தவற்றின் பிள்ளைகள்தான் இன்று அங்கே இருக்கின்றன.

சிக்கடியே இப்படி என்றால், ஏறக்குறைய அதில் பாதி எடையே உள்ள பொன்முடிக் கிங்லெட் எப்படிப் பிழைக்கிறது? ஐந்து, ஆறு கிராம். விதை தின்பதில்லை, எதையும் ஒளித்து வைப்பதாகவும் தெரியவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்ன்ட் ஹைன்ரிக், மேய்ன் மாநிலக் காட்டில் தன் மரக்குடிலைச் சுற்றி இந்தப் பறவையைப் பல பனிக்காலங்கள் பின்தொடர்ந்தார். 2003இல் வந்த அவருடைய 'விண்டர் வேர்ல்ட்' புத்தகம் இந்தத் தேடலைச் சொல்கிறது. கிளைகளில் குச்சிபோல் ஒட்டிக்கொண்டு உறைந்து கிடக்கும் அளவைப்புழுக்களைத்தான் கிங்லெட் பகல் முழுக்கப் பொறுக்கித் தின்கிறது என்று கண்டுபிடித்தார். இரவில் என்ன செய்கிறது என்பதுதான் அவர் கைக்கு அகப்படாமலே இருந்தது. கடைசியில் ஒரு மாலை, ஒரு மரக்கிளையில் நான்கு கிங்லெட்டுகள் தலைகளை உள்ளே வைத்து வாலை வெளியே நீட்டி ஒரே பந்தாக ஒட்டிக்கிடப்பதைப் பார்த்தார். நான்கு சிறு உடல்கள் சேர்ந்தால் வெளிப்பரப்பு குறையும், சூடு தங்கும்.

ஆனாலும் கிங்லெட்டுகள் பெருமளவில் சாகின்றன. இதை மறைத்துச் சொல்லக் கூடாது. இயற்கை எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வைத்த வழியில் பாதிப் பேர் விழுந்துபோவதும் அதில் சேர்த்தி. எட்டு, ஒன்பது முட்டையாகப் பெரும்பாலும் கோடையில் இரண்டு ஈடு இடுவதால்தான் அந்த இனம் நிற்கிறது.

பனியையே போர்வையாக்கிக்கொள்பவையும் உண்டு. கௌதாரிக் குடும்பத்தைச் சேர்ந்த ரஃப்டு கிரௌஸ், மாலையில் பறந்துவந்து அப்படியே மெத்தென்ற பனிக்குள் பாய்ந்து புதைந்துகொள்கிறது. பறந்து புகுவதால் நரிக்குக் காலடித் தடம் கிடைக்காது. வெளியே −30 இருந்தாலும் அந்தக் குழிக்குள் உறைநிலைக்குச் சில பாகைதான் கீழே இருக்கும். பனியில் நடக்க இலையுதிர்காலத்தில் அதன் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் மாதிரிச் செதில்கள் முளைத்து, வசந்தத்தில் உதிர்கின்றன. ரெட்போல் என்னும் சிறு குருவி தொண்டைப் பையில் பிர்ச் விதைகளை நிரப்பிக்கொண்டு அடைகிறது. இரவுச் சாப்பாடு கழுத்திலேயே இருக்கிறது.

தோட்டத்தில் தீவனம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வையுங்கள். விஸ்கான்சினில் மார்கரெட் பிரிட்டிங்காமும் ஸ்டான்லி டெம்பிளும் 1980களில் செய்த ஆய்வில், தீவனம் கிடைத்த சிக்கடிகளில் 69 விழுக்காடு பனிக்காலத்தைத் தாண்டின, கிடைக்காதவற்றில் 37 விழுக்காடு. கடுங்குளிர் நாட்களில்தான் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. தீவனம் இருந்தபோதும் அவை அன்றாடத் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொண்டன. மிச்சத்தைக் காட்டில் தேடின. வழக்கமாக வைத்த இடத்தில் தீவனத்தை நிறுத்தியபோதும் அவை மற்றவற்றைப் போலவே பிழைத்தன. ஆகவே டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. கறுப்புச் சூரியகாந்தி விதை நல்லது. மிக்சர், முறுக்குத் தூள் வேண்டாம், உப்பு ஆகாது.

இதுவரை சொன்னதில் குளிர் எதிரியாகவே இருந்தது. இனிச் சொல்லப்போகும் பறவைக்கு அப்படி இல்லை, அதற்காகவே இதைக் கடைசிக்கு வைத்தேன். கனடா ஜே, காக்கைக் குடும்பம், சாம்பல் நிறம், 70 கிராம் எடை. டொரோண்டோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே போனால் வரும் ஆல்கொன்குவின் பூங்காவில் இதைப் பார்க்கலாம். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் இது பழம், காளான், பூச்சி, செத்த விலங்கின் இறைச்சித் துணுக்கு என்று கிடைத்ததையெல்லாம் வாயில் பசைபோன்ற எச்சிலில் உருட்டி, மரப்பட்டைக்கு அடியில் ஒட்டிவைக்கிறது. எளிதில் கெடும் பண்டங்கள் இவை. கெடாமல் வைப்பது குளிர்தான். அந்தச் சேமிப்பின் பலத்தில் இது கூடு கட்டும் காலம் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும். சுற்றிலும் பனி, இரவில் −20க்கும் கீழே, தாய் முட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆல்கொன்குவினில் ரஸ் ரட்டர் என்ற இயற்கையாளர் 1960களில் இந்தப் பறவைகளின் கால்களுக்கு வளையம் போட்டு அடையாளம் வைக்கத் தொடங்கினார். பிறகு டேன் ஸ்ட்ரிக்லாண்ட் பல பத்தாண்டுகள் அதைத் தொடர்ந்தார். இப்போது குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ரயன் நாரிஸ் குழு நடத்துகிறது. 1980களுக்குப் பிறகு அங்கே ஜேக்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. குளிர் கூடியதாலா? இல்லை, குறைந்ததால். இலையுதிர்காலம் சூடாக நீளும்போது ஒளித்துவைத்தது கெட்டுப்போகிறது. உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி வரும் ஆண்டுகளில், அடுத்த வசந்தத்துக் கூட்டில் குஞ்சுகள் குறைகின்றன. ஸ்புரூஸ், பைன் மரப்பட்டைக்கடியில் வைத்த உணவு மேப்பிள் பட்டைக்கடியில் வைத்ததைவிட நாள்பட நிற்கிறது என்று 2011இல் ஸ்ட்ரிக்லாண்டும் சகாக்களும் காட்டினார்கள். பிசினுக்குக் கிருமியை அடக்கும் குணம் இருப்பது காரணமாக இருக்கலாம். அதற்கேற்றாற்போல மேப்பிள் மிகுந்த பகுதிகளில் ஜோடிகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின, ஊசியிலை மிகுந்த பகுதிகளில் நிற்கின்றன.

பூங்காவுக்குள் நெடுஞ்சாலை 60 ஓரமாக 'ஸ்புரூஸ் பாக்' என்று பலகை நடைபாதை ஒன்று இருக்கிறது. ஜேக்களைப் பார்க்க அது நல்ல இடம். பயமில்லாத பறவை, அருகிலேயே வந்து உட்காரும். காலில் வண்ண வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிப்ரவரி கடைசியில் போனால், பனிக்குள் நின்றுகொண்டு அது குச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும்.